ஆறுன்னா நீலமா? ஆயில் பெயின்ட்டில் ஆற்றங்கரையை வரையக் கற்றுக்கொள்வது எப்படி?

முதல் படத்தை முடித்ததும் போட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். திருநெல்வேலி குறுக்குத்துறை. ஆற்றுக்குள் கல் மண்டபம், படித்துறை, அக்கரையில் மரங்கள், தூரத்தில் மலை. மூன்று வார சனி, ஞாயிறுகளை முழுதாகத் தின்ற படம். பத்து நிமிடம் கழித்து பதில் வந்தது.

"நல்லாருக்குடே. எந்தூரு ஆறு இது?"

முதலில் கோபம்தான் வந்தது. மண்டபத்தின் தூண்களைக்கூட எண்ணி வரைந்திருக்கிறேன், இவருக்குத் தெரியவில்லையா? கொஞ்ச நேரம் கழித்து படத்தை மறுபடி பார்த்தேன். தண்ணீர் பளிச்சென்ற நீலம். அந்த ஆற்றில் குளித்து வளர்ந்தவன் நான். ஒருநாள்கூட தாமிரபரணி அந்த நீலத்தில் ஓடி நான் பார்த்ததில்லை. மரங்கள் எல்லாம் ஒரே பச்சை. ஆறு வளைந்து மலை மேல் ஏறுவதுபோல இருந்தது. அப்பா கேட்டது நியாயமான கேள்விதான். நான் வரைந்திருந்தது காலண்டரில் வரும் ஏதோ ஓர் ஆறு.

ஆபீஸ் வேலைக்கு நடுவே புதிதாக பெயின்டிங் தொடங்கும் பலரும் முதல் படமாக ஆற்றங்கரைக் காட்சியைத்தான் எடுக்கிறோம். பெரும்பாலும் இதே இடத்தில்தான் சொதப்புகிறோம். 'எனக்கு கை வராது' என்று பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுகிறோம். ஆனால் பிரச்னை பாதிக்கு மேல் கையில் இல்லை, கண்ணில் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் வழிகளையும், ஆயில் பெயின்ட்டின் அடிப்படைகளையும் பார்ப்போம்.

ஏன் ஆயில் பெயின்ட்?

வாட்டர் கலரும் அக்ரிலிக்கும் காய்வது தண்ணீர் ஆவியாவதால். அதனால் நிமிடங்களில் காய்ந்துவிடும். ஆயில் பெயின்ட்டின் கதை வேறு. அதில் நிறப்பொடியைப் பிடித்து வைத்திருப்பது ஆளி விதை எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில். இந்த எண்ணெய் ஆவியாவதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாள்கள் ஆகும்.

இந்த மந்த குணம்தான் தண்ணீர் வரைய வசதி. கரையின் நிழல் தண்ணீரோடு கரையும் இடத்தை இன்று வரைந்து, பிடிக்கவில்லை என்றால் நாளைக்கும் இழைத்துச் சரிசெய்யலாம். துணியால் துடைத்துவிட்டு முதலில் இருந்தும் தொடங்கலாம். தவறு செய்பவர்களுக்கு இவ்வளவு அவகாசம் தரும் ஊடகம் வேறு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று யூடியூபைத் திறந்தால் ஆயிரம் ஆசிரியர்கள். ரவி வர்மா இளைஞராக இருந்தபோது இந்தியாவில் ஆயில் பெயின்ட் தெரிந்தவர்களே குறைவு. தெரிந்தவர்களும் சொல்லித்தரவில்லை. 1868-ல் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர், பாடம் எடுக்க மறுத்து, தான் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார் என்று ரவி வர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார் மனிதர். அந்தப் பார்க்கும் பழக்கம்தான் இப்போது நமக்குக் குறைவு.

என்னென்ன வாங்கணும்?

கடையில் 24 கலர் பாக்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆற்றங்கரைக்கு ஆறு டியூப் போதும்:

• டைட்டானியம் ஒயிட் (இது மட்டும் பெரிய டியூப், சீக்கிரம் தீரும்)
• அல்ட்ராமரின் ப்ளூ
• யெல்லோ ஆக்கர் (காவி கலந்த மஞ்சள்)
• லெமன் யெல்லோ
• பர்ன்ட் சியன்னா (செங்கல் பழுப்பு)
• கிரிம்ஸன் (அடர் சிவப்பு)

கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரின் ப்ளூவும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தாலே கறுப்புக்குப் பக்கத்தில் ஓர் அடர்நிறம் வரும். அது டியூப் கறுப்பைவிட உயிரோட்டமாக இருக்கும். டியூப் பச்சையும் வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பிரஷ் நான்கு: பெரிய தட்டை ஒன்று, நடுத்தரத் தட்டை ஒன்று, மெல்லிய உருண்டை முனை ஒன்று, இழைப்பதற்கு மென்மையான அகல பிரஷ் ஒன்று. முதல் இரண்டும் முரட்டு முடியாக இருக்கட்டும். ஆயில் பெயின்ட் கெட்டியானது, மெல்லிய முடி அதை இழுக்காது. கூடவே ஒரு பாலெட் நைஃப், சின்ன பாட்டில் லின்சீட் ஆயில், டர்பன்டைன், பழைய காட்டன் துணி. பாலெட்டுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் டைல்ஸ் துண்டு ஒன்று போதும், துடைப்பதும் சுலபம்.

வரைய 10-க்கு 12 அங்குல கேன்வாஸ் போர்டு சரியான அளவு. வெள்ளைப் பூச்சு ஏற்கெனவே போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். பூச்சு இல்லாத வெறும் துணியிலோ காகிதத்திலோ வரைந்தால், எண்ணெய் உள்ளே இறங்கி நாளடைவில் அதை அரித்துவிடும்.

ஜாக்கிரதை: இது சமையலறை எண்ணெய் இல்லை

ஒற்றை பெட்ரூம் வீட்டில் வரைபவர்கள் இதைக் கண்டிப்பாகப் படிக்க வேண்டும்.

லின்சீட் ஆயில் இறுகும்போது வெப்பம் வெளியாகும். எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கி ஒரு மூலையில் குவித்து வைத்தால், அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். தீக்குச்சியே இல்லாமல் துணி தானாகப் பற்றிக்கொள்ளும். இது கட்டுக்கதை அல்ல, தீயணைப்புத் துறையினர் நன்கு அறிந்த விபத்து வகை. துணியை விரித்து வெளியே காயப்போடுங்கள். இல்லையென்றால் தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள டின்னில் போட்டு வையுங்கள்.

டர்பன்டைன் வாசனை தலைவலி தரும். ஜன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள். ஏசி போட்ட மூடிய அறை இதற்குச் சரிப்படாது. அழுக்கான டர்பன்டைனை சிங்க்கில் ஊற்றாதீர்கள். ஒரு பாட்டிலில் மூடி வைத்தால் வண்ணம் அடியில் படியும், மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம். வரையும்போது நொறுக்குத்தீனி வேண்டாம். சில நிறப்பொடிகள் நச்சுத்தன்மை உள்ளவை.

முதல் வேலை: கண்ணைச் சுருக்குங்க

காட்சியைப் பார்த்ததும் கை இலையை வரையத் துடிக்கும். அதை அடக்குங்கள். கண்ணைப் பாதி மூடி, இமைகளின் இடுக்கு வழியாகப் பாருங்கள். இலை, கல், அலை எல்லாம் மறைந்து, வெளிச்சமான பகுதி, இருண்ட பகுதி என்று நான்கைந்து பெரிய திட்டுகள் மட்டும் தெரியும். உங்கள் படத்தின் எலும்புக்கூடு அதுதான்.

பகலில் பெரும்பாலும் ஒரு வரிசை இருக்கும். வெளிச்சமானது வானம். அடுத்து மணல், புல் போல மல்லாந்து கிடக்கும் தரை. அதற்கடுத்து சரிவுகள். செங்குத்தாக நிற்கும் மரங்கள்தான் அதிக இருட்டு. ஒளி மேலிருந்து வருவதால் இப்படி. இந்த வரிசை சரியாக விழுந்துவிட்டால், நிறம் கொஞ்சம் பிசகினாலும் படம் நிற்கும். வரிசை குழம்பினால் எவ்வளவு நல்ல நிறமும் காப்பாற்றாது.

ஒரு சின்ன டிரிக்: போனில் எடுத்த காட்சியை கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். உங்கள் படத்தையும் அப்படியே மாற்றி இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எங்கே தப்பு என்று உடனே தெரியும். என் முதல் படத்தில் மரமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறமாக வந்தன. இருட்டு எது, வெளிச்சம் எது என்று நான் பார்க்கவே இல்லை.

ஆறு ஏன் மலைமேல் ஏறுது?

பலரின் முதல் படத்திலும் ஆறு, எஸ் வடிவத்தில் வளைந்து மலைப்பாதை மாதிரி மேலே ஏறும். காரணம் எளிது. ஆறு வளைந்து போகும் என்று நமக்குத் தெரியும். அதனால் மேப்பில், மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்துவிடுகிறோம்.

ஒரு தட்டை எடுத்து மேஜையில் வைத்துக் குனிந்து பாருங்கள். கண் மட்டம் கீழே வர வர, வட்டம் நசுங்கி ஒரு கோடாகிவிடும். ஆற்றின் வளைவுகளுக்கும் இதே கதிதான். காலடியில் இருக்கும் வளைவு அகலமாகத் தெரியும். அடுத்தது நசுங்கும். தொலைவில் இருப்பது கிட்டத்தட்ட கிடைமட்டமான ஒரு வெள்ளிக் கீற்று. தூரத்து வளைவுகளைத் துணிந்து நசுக்குங்கள், தண்ணீர் உடனே படுத்துக்கொள்ளும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். கரைக்கும் வானத்துக்கும் இடைப்பட்ட கோட்டைப் படத்தின் சரிபாதியில் வைக்காதீர்கள். வானம் முக்கியமா, தண்ணீர் முக்கியமா என்று முடிவு செய்து, அதற்கு அதிக இடம் கொடுங்கள். அடுத்து, தூரத்து மலையைப் பக்கத்து மரம்போல அடர்த்தியாக வரையாதீர்கள். இடையில் உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் தூரத்துப் பொருள்கள் வெளிறி, நீலமாகத் தெரியும். மேற்கே தெரியும் பொதிகை அருகே போனால் பச்சை, திருநெல்வேலியில் இருந்து பார்த்தால் நீலச்சாம்பல். அந்த வெளிறல்தான் படத்துக்கு ஆழம் தரும்.

எண்ணெய் குறைவா இருக்கிறது கீழே, கூடுதலா இருக்கிறது மேலே

ஆயில் பெயின்ட்டில் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு. அடியில் போடும் பூச்சில் எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும். மேலே போகப் போக கூடலாம். எண்ணெய் அதிகமான பூச்சு மெதுவாகக் காயும். அதன்மேல் சீக்கிரம் காயும் பூச்சைப் போட்டால், மேல் தோல் இறுகிய பிறகும் அடிப்பகுதி அசைந்துகொண்டே இருக்கும். விளைவு, சில மாதங்களில் வெடிப்பு.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம்.

முதல் நாள்: பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் கரைத்து, டீ டிகாஷன் போல போர்டு முழுக்கத் தடவித் துடையுங்கள். வெள்ளை போர்டு தரும் பயம் போய்விடும். செம்மண் நிறத் தரையில் நம் ஊர் வெயிலும் நன்றாக எடுக்கும். அதே கலவையில் பிரஷ்ஷாலேயே கரை, மலை, மண்டபம் எங்கே என்று கோடு போடுங்கள். பிறகு இருண்ட திட்டுகளை மெல்லிசாக நிரப்புங்கள்.

இரண்டாம் நாள்: முதல் பூச்சு காய்ந்ததும் டியூப் வண்ணத்தை அப்படியே எடுத்து வானம், மலை, மரம், தண்ணீர் என்று பெரிய பரப்புகளை மூடுங்கள். எப்போதும் தூரத்தில் இருப்பதில் தொடங்கி பக்கத்துக்கு வாருங்கள். வானத்தின் நிறம் முடிவாகாமல் தண்ணீரைத் தொடவே கூடாது.

மூன்றாம் நாள்: துளி லின்சீட் ஆயில் சேர்த்து நுணுக்கங்கள். வெளிச்சப் புள்ளிகள் கடைசியில்தான், கெட்டியாக.

சரி, தண்ணிக்கு என்னதான் நிறம்?

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். ஆற்றுத் தண்ணீருக்குச் சொந்தமாக இருக்கும் நிறம் மிகக் குறைவு. நம் கண்ணுக்கு வருவது இரண்டின் கலவை. மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வானம், மரங்களின் ஒளி ஒன்று. தண்ணீருக்குள் ஊடுருவி மணலையும் கல்லையும் தொட்டுவிட்டு வரும் ஒளி இன்னொன்று. வண்டல் கலந்து ஓடினால் அந்த மண்ணின் நிறமும் சேரும்.

எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் பார்க்கும் கோணம். நேர் கீழே குனிந்து பார்த்தால், தண்ணீர் திருப்பி அனுப்பும் ஒளி சுமார் 2 சதவீதம் மட்டுமே. அதனால் காலடியில் கூழாங்கல் தெரிகிறது. பார்வை சாயச் சாய இந்த அளவு கூடும். மிகத் தொலைவில், பார்வை தண்ணீரை உரசிக்கொண்டு போகும்போது கிட்டத்தட்ட முழுக்க முழுக்கக் கண்ணாடிதான்.

ஆகவே ஒரே ஆற்றில் குறைந்தது மூன்று தண்ணீர் இருக்கிறது. காலடியில் மணல் நிறம், கொஞ்சம் பழுப்பு. நடுவில் அக்கரை மரங்களின் இருண்ட பச்சை. தூரத்தில் அடிவானத்தின் வெளிறிய வெள்ளி. முழு ஆற்றுக்கும் ஒரே நீலத்தை அடித்தால், இந்த மூன்றும் செத்துப்போகும். மேகமில்லாத நாளில் நீலம் வரத்தான் செய்யும். அப்போதும் கிட்டத்தில் அடர்த்தியாகவும் தூரத்தில் வெளிறியும்தான் வரும். கிட்டத்துத் தண்ணீர் உச்சி வானத்தையும், தூரத்துத் தண்ணீர் அடிவானத்தையும் காட்டுவதே காரணம்.

பிரதிபலிப்பு: மறக்கக்கூடாத ஐந்து

ஒன்று: பிம்பம் எப்போதும் பொருளுக்கு நேர் கீழேதான் விழும். சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் இதில் மாற்றமில்லை. சூரியனைப் பொறுத்து நகர்வது நிழல். இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தப்பு.

இரண்டு: நிழல் விழுவதற்கு ஒரு பரப்பு வேண்டும். கலங்கிய தண்ணீரில் நிழல் நன்றாகத் தெரியும். தெளிந்த தண்ணீரில் அவ்வளவாகத் தெரியாது, பிம்பம்தான் தெரியும்.

மூன்று: இருண்ட பொருளின் பிம்பம் அதைவிடக் கொஞ்சம் வெளிறியும், வெளிச்சமான பொருளின் பிம்பம் அதைவிடக் கொஞ்சம் மங்கியும் இருக்கும். வெள்ளைச் சுவரின் பிம்பத்துக்குச் சுத்த வெள்ளையைத் தொடாதீர்கள்.

நான்கு: பிம்பம் என்பது பொருளைத் தலைகீழாக ஒட்டிய காப்பி இல்லை. தண்ணீர் உங்கள் கண்ணைவிடக் கீழே இருக்கிறது. அதனால் மண்டபத்துக் கூரையின் அடிப்பக்கம், நேரில் தெரியாத அந்தப் பகுதி, தண்ணீரில் தெரியும். கரைக்குப் பின்னால் தள்ளி நிற்கும் மரத்தின் கீழ்ப்பகுதியோ தண்ணீரில் காணாமல் போகும்.

ஐந்து: அலை இருந்தால் பிம்பம் கீழ்நோக்கி நீளும், ஓரம் உடையும். காற்று உரசிய இடம் தனியாக ஒரு கிடைப் பட்டையாகத் தெரியும்.

வரையும் முறையும் இதையே பின்பற்றுகிறது. பிம்பத்தின் நிறங்களை மேலிருந்து கீழாக, செங்குத்தாக இழுங்கள். வண்ணம் ஈரமாக இருக்கும்போதே, காய்ந்த மென்மையான அகல பிரஷ்ஷை எடுத்து, இடமிருந்து வலமாக ஒரே ஒரு தடவை, இறகு படுவதுபோல உரசுங்கள். தண்ணீர் தெரியும். இரண்டாவது தடவை உரசினால் போய்விடும். கடைசியாகக் கெட்டியான வெள்ளையில், துளி மஞ்சள் சேர்த்து, மின்னும் இடங்களை வையுங்கள். நான்கைந்து போதும். நாற்பது வைத்தால் தண்ணீர், தீபாவளி சீரியல் லைட் ஆகிவிடும்.

பச்சையும் சேறும்

டியூபில் வரும் பச்சை, பிளாஸ்டிக் குடம் மாதிரி பளிச்சென்று இருக்கும். நம் ஊர் மரங்களில் அந்தப் பச்சை அபூர்வம். அல்ட்ராமரினோடு யெல்லோ ஆக்கர் கலந்தால் மருதமரத்துக்குப் பக்கத்தில் வரும் மங்கிய பச்சை. அதில் துளி பர்ன்ட் சியன்னா சேர்த்தால் நிழல் பக்கம். வயல், நாணல், வாழைக்கு மட்டும் லெமன் யெல்லோவைத் தொடுங்கள். ஒரே படத்தில் நான்கு பச்சையாவது இருக்க வேண்டும்.

எல்லாம் சேறாகிவிடுகிறதா? மூன்று வண்ணத்துக்கு மேல் ஒரே கலவையில் சேர்க்காதீர்கள் (வெள்ளை கணக்கில் வராது). ஒவ்வொரு நிறம் மாறும்போதும் பிரஷ்ஷைத் துணியில் துடையுங்கள். போர்டில் வைத்த வண்ணத்தை மறுபடி மறுபடி தேய்க்காதீர்கள். வைத்தால் விட்டுவிட வேண்டும். சொல்வது சுலபம், பழக மாதக்கணக்கில் ஆகும்.

ஆற்றங்கரையில் உட்கார்ந்துதான் வரையணுமா?

சென்னையில் வேலை, ஆறு ஊரில். என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?

இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிளுக்கும் இதே நிலைதான். ஸ்டூர் ஆற்றங்கரையில், அப்பாவுக்குச் சொந்தமான ஃபிளாட்ஃபோர்ட் மில்லைச் சுற்றி வளர்ந்தவர். 1821-ல் அவர் முடித்த 'தி ஹே வெய்ன்', மாட்டு வண்டியைப் போன்ற ஒரு குதிரை வண்டி ஆற்றில் நிற்கும் காட்சி, இன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஆறடி அகலப் படம் அது. அதை அவர் ஆற்றங்கரையில் வரையவில்லை, லண்டனில் தன் ஸ்டுடியோவில் வரைந்தார். கையில் இருந்தது, ஊரில் நின்று போட்ட சின்னச் சின்ன ஆயில் ஸ்கெட்சுகள். அதே காலத்தில் மேகங்களை மட்டுமே தனித்தனியாக வரைந்து, பல படங்களின் பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்றின் திசைகூட குறித்து வைத்தார்.

இன்னொரு கோடியில் பிரான்சின் கிளாட் மோனே. சேன் ஆற்றில் ஒரு படகையே ஸ்டுடியோவாக மாற்றி, தண்ணீர் மேல் உட்கார்ந்து வரைந்தவர். 1896, 1897-ல் 'சேன் நதியின் காலை' வரிசையை வரையும்போது விடிவதற்கு முன்பே படகில் ஏறிவிடுவார். வெளிச்சம் மாற மாற ஒரு கேன்வாஸை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். இப்படி வெளியே எடுத்துப் போய் வரைய வழி செய்தது மடக்கி மூடக்கூடிய டின் டியூப். 1841-ல் அமெரிக்க ஓவியர் ஜான் கோஃப் ராண்ட் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள்.

நமக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஊருக்குப் போகும்போது போட்டோ எடுங்கள், ஆனால் போட்டோவை மட்டும் நம்பாதீர்கள். போன் கேமரா நிழல்களைக் கறுப்பாக்கும், இல்லையென்றால் வானத்தை வெளுப்பாக்கும். சில போன்கள் கேட்காமலேயே தண்ணீருக்கு நீலத்தை ஏற்றிவிடும். அதனால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மணி என்ன, சூரியன் எந்தப் பக்கம், காலடித் தண்ணீர் என்ன நிறம், நடுவில் என்ன, தூரத்தில் என்ன. பத்து நிமிட வேலை. நேரில் வரைவதாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே படத்தில் உட்கார வேண்டாம். அதற்குள் நிழல்கள் இடம் மாறிவிடும். உட்கார்ந்ததும் முதலில் நிழல்களின் இடத்தைக் குறித்துவிடுங்கள். பிறகு அவை நகர்ந்தாலும் துரத்தாதீர்கள்.

முடிச்ச பிறகு?

படத்தை பீரோவுக்குள் வைக்காதீர்கள். இருட்டில் வைத்தால் லின்சீட் ஆயில் மஞ்சளாகும். நேர் வெயிலும் வேண்டாம். தூசி படாத, காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தில் சாய்த்து வையுங்கள். தொட்டால் ஒட்டாமல் இருக்க சில நாள்களில் இருந்து இரண்டு மூன்று வாரம்வரை ஆகலாம். தடியாகப் பூசிய இடம் இன்னும் தாமதமாகும். வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுங்கள். மேல் தோல் காய்ந்தாலும் உள்ளே இறுகி முடிந்திருக்காது.

அப்பா சொன்ன இரண்டாவது பதில்

கார்த்திகை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். இரண்டு நாள் காலை ஏழு மணிக்குக் குறுக்குத்துறையில் போய் நின்றேன். வரையவில்லை. பார்த்தேன், எழுதினேன். நோட்டில் இருந்தது இவ்வளவுதான்: 'காலடி - பால் குறைந்த டீ. நடு - மரத்தின் பச்சை, கறுப்புக்குப் பக்கம். தூரம் - ஈய வெள்ளி. மண்டபத்துத் தூண் தண்ணீரில் பழுப்பு. நீலம் - எங்கும் இல்லை.'

முப்பது வருடம் பார்த்த ஆறு. அதில் நீலம் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

சென்னைக்குத் திரும்பி, அந்த நோட்டை வைத்து இரண்டாவது படத்தை வரைந்தேன். தூண்கள் முதல் படம் அளவுக்கு நேர்த்தியாக வரவில்லை. தூரத்து வளைவை இன்னும் நசுக்கியிருக்கலாம். போட்டோ எடுத்து அனுப்பினேன். இந்த முறை பதில் உடனே வந்தது.

"ரெண்டு படி முங்கிருக்கே. கார்த்திகைல வந்தப்ப பாத்ததா?"

ஆமாம்ப்பா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மெசேஜ்.

"படித்துறைக்கு எடப்பக்கம் பெரிய மருதமரம் நிக்குமே. அத விட்டுட்டியேடே."

அந்த மரம் இப்போது இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது. அப்பாவுக்கும் அது தெரியும். இருந்தாலும் என் படத்தில் அவர் அதைத் தேடியிருக்கிறார்.

மூன்றாவது போர்டில் செம்மண் பூச்சு போட்டு, காயவைத்திருக்கிறேன். இந்தப் படத்துக்கு போனில் போட்டோ இல்லை, நோட்டில் குறிப்பும் இல்லை. அப்பாவிடம்தான் கேட்க வேண்டும். மரம் எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, காலை ஏழு மணிக்கு அதன் பிம்பம் எத்தனையாவது படிவரை வரும் என்று.